பால்கனியில் ஒரு மின்நிலையம்

ஒன்றோ இரண்டோ சோலார் பலகைகள், அவற்றின் முதுகில் ஒரு சிறிய இன்வெர்ட்டர், அதிலிருந்து நீளும் வயரின் முனையில் மிக்சிக்கு இருப்பதைப் போன்ற ஒரு பிளக். பால்கனி சூரிய மின்கருவி என்பது இவ்வளவுதான். பலகைகளைப் பால்கனியின் கைப்பிடிக் கம்பியில் மாட்டி, பிளக்கைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகியதும் வெயிலில் பிறக்கும் மின்சாரம் வீட்டு வயரிங்குக்குள் பாயத் தொடங்குகிறது. மின்சாரம் எடுக்க மட்டுமே பயன்பட்டுவந்த துளைகள் வழியாக இந்தக் கருவி மின்சாரத்தை உள்ளே கொடுக்கிறது. அதன் வசதி, அதைப் பற்றிய பயம், அதைச் சுற்றி எழுந்த சட்டச் சிக்கல் எல்லாமே இந்த ஒரு திசை மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

இந்தக் கருவி பெருமளவில் பரவிய நாடு ஜெர்மனி. அங்கே மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘பால்கோன்கிராஃப்ட்வெர்க்’, அதாவது பால்கனி மின்நிலையம். சட்டம் இதை ‘ஷ்டெக்கர்சோலார்கெரேட்’ என்கிறது. பிளக் வைத்த சூரியக் கருவி என்று பொருள். ஜெர்மனியில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் வாடகை வீட்டில் வசிப்பவை. 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு இருபது ஆண்டுகள் வரை உறுதியான கொள்முதல் விலை கொடுத்தது. கூரை வைத்திருந்தவர்கள் அதனால் பயனடைந்தார்கள். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குக் கூரை ஏது? அவர் கைக்கு எட்டிய ஒரே வெயில் பால்கனியில் விழும் வெயில்தான். 2025ஆம் ஆண்டின் நடுவில் ஜெர்மன் அரசுப் பதிவேட்டில் இத்தகைய கருவிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

பலகைக்குள்

இன்று சந்தையில் கிடைக்கும் ஒரு பலகை சுமார் 1.7 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் கொண்டது. எடை இருபது கிலோவுக்குச் சற்று மேல். அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் 400 முதல் 450 வாட் என்று திறன் அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில் கிடைப்பது. பால்கனியில் இந்த இரண்டும் ஒன்றாக வாய்ப்பது அரிது. நல்ல வெயிலில் செல்கள் 60 டிகிரி வரை சூடேறும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் திறன் ஏறத்தாழ 0.3 சதவீதம் குறைவதால், வெயில் உச்சத்தில் இருக்கும்போதே பத்து சதவீதம் கைநழுவிப்போகிறது. கம்பியில் தொங்கும் பலகைக்கு முன்னும் பின்னும் காற்றுப் படுவதால் சூடு சற்றுத் தணியும்.

ஒரு சிலிக்கான் செல் வேலை செய்யும்போது தரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டைச் சற்றே தாண்டும். மாலையில் பூக்களைக் கோப்பதுபோல 54 செல்களைத் தொடராக இணைத்தால் முப்பது வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். இந்த அழுத்தம் தொட்டால் தூக்கியடிக்கும் அளவு கொண்டதல்ல. எனவே பலகைக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையிலுள்ள பகுதியை வீட்டுக்காரரே இணைக்க முடிகிறது.

தொடராகக் கோத்ததில் ஒரு சிக்கலும் உண்டு. வரிசையில் ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தால் அதன் வழியாக மின்னோட்டம் செல்வது தடைபடும். வரிசை முழுவதும் அந்த ஒரு செல்லின் அளவுக்குச் சுருங்கும். இதைச் சமாளிக்கப் பலகை மூன்று பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு டையோடு மாற்றுவழியாக வைக்கப்படுகிறது. பலகையைப் படுக்கைவசமாக மாட்டியிருந்தால், மேல்மாடி பால்கனியின் தளம் வீசும் நிழல் மேல் பட்டையில் விழும்போது அந்தப் பட்டை மட்டும் ஒதுங்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் உழைக்கும். இருந்தும் நிழல்தான் பால்கனிக் கருவிக்கு முதல் எதிரி. எதிர்வீட்டு மரம், பக்கத்துச் சுவர், உலரப்போட்ட துணி என்று எதுவும் உற்பத்தியைக் குறைக்கும்.

இன்வெர்ட்டர் செய்யும் மூன்று வேலைகள்

பலகை தருவது நேர்திசை மின்சாரம். வீட்டுச் சாக்கெட்டில் இருப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ஒரு நொடிக்கு ஐம்பது முறை அலைவது. முன்னதைப் பின்னதாக மாற்றுவது இன்வெர்ட்டரின் முதல் வேலை. பால்கனிக் கருவியில் இருப்பது ஒரு தடித்த புத்தகம் அளவுள்ள மைக்ரோ இன்வெர்ட்டர். மழை புகாத உறையில் அடைத்து பலகைக்குப் பின்னாலேயே திருகிவிடுகிறார்கள்.

இரண்டாவது வேலை, பலகையிடமிருந்து அதிகபட்சத் திறனைக் கறப்பது. ஒரு பலகையின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றையொன்று சார்ந்தவை. மின்னோட்டத்தை மிகுதியாக இழுத்தால் மின்னழுத்தம் விழுந்துவிடும். குறைவாக இழுத்தால் வெயில் வீணாகும். இரண்டின் பெருக்கற்பலன் உச்சமாக இருக்கும் ஒரு புள்ளி உண்டு. மேகம் நகர நகர அந்தப் புள்ளியும் இடம் மாறும். இன்வெர்ட்டர் ஓயாமல் கூட்டியும் குறைத்தும் பார்த்து அதைப் பின்தொடர்கிறது. பலகைக்கு ஒன்றாகத் தனித்தனி உள்ளீடு இருப்பதால் ஒரு பலகை நிழலில் சோர்ந்தாலும் அடுத்தது பாதிக்கப்படுவதில்லை.

மூன்றாவது வேலைதான் பாதுகாப்பின் அடித்தளம். இன்வெர்ட்டர் தானாக அலையை உருவாக்குவதில்லை. சாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் அலையைக் கவனித்து, அதன் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகும்படி தன் மின்னோட்டத்தைச் சேர்க்கிறது. ஆடும் ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளிவிடுவதுபோல. ஊஞ்சல் நின்றிருந்தால் அது தள்ளாது. சாக்கெட்டில் மின்சாரம் இல்லையென்றால் இன்வெர்ட்டரும் எதையும் வெளியிடாது.

மின்சாரம் எங்கே போகிறது?

ஜூன் மாதத்து முற்பகல் பதினோரு மணி. ஒரு வீட்டில் பால்கனிக் கருவி 500 வாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். உள்ளே ஃப்ரிட்ஜ் 90 வாட், இணைய ரவுட்டர் 10 வாட், மடிக்கணினி 60 வாட்; மொத்தம் 160 வாட் செலவாகிறது. பால்கனியிலிருந்து வரும் 500 வாட்டில் 160 இந்த மூன்றுக்கும் போகும். மிச்சம் 340 வாட் மீட்டரைக் கடந்து தெருவுக்குப் போய், பக்கத்து வீட்டில் செலவாகும்.

அப்போது ஒருவர் தேநீருக்காக 2000 வாட் கெட்டிலைப் போடுகிறார். இப்போது தேவை 2160 வாட். பால்கனியின் 500 வாட் அப்படியே உள்ளே செலவாகி, மீதி 1660 வாட்டை வெளியிலிருந்து எடுக்கிறது வீடு. ஐந்து நிமிடத்தில் கெட்டில் அணைந்ததும் பழையபடி மிச்சம் வெளியே போகும். இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு சந்திப்பில் வந்து சேரும் மின்னோட்டமும் பிரிந்து போகும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும் என்ற இயற்பியல் விதியே எல்லாவற்றையும் பங்கிட்டுவிடுகிறது.

ஜெர்மன் வீடுகளில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும். பால்கனிக் கருவியோ ஒரு ஃபேஸில் மட்டும் மின்சாரம் கொடுக்கும். ஃப்ரிட்ஜ் இன்னொரு ஃபேஸில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழும். மீட்டர் மூன்று ஃபேஸ்களையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகக் கணக்கிடுவதால் ஒன்றில் போனது மற்றொன்றில் வந்ததை ஈடுசெய்துவிடுகிறது. கம்பிகளில் ஓடும் மின்சாரம் வேறு, கட்டண ரசீதில் வரும் மின்சாரம் வேறு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே கருவியின் பலன் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதைவிட, உற்பத்தியாகும் நேரத்தில் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பொறுத்தது. இரவும் பகலும் ஓடும் ஃப்ரிட்ஜ், ரவுட்டர், அணைத்தும் அணையாத டிவி போன்றவற்றின் அடித்தளச் செலவு ஒரு சாதாரண வீட்டில் நூறு முதல் இருநூறு வாட். பால்கனிக் கருவி முதலில் நிரப்புவது இதைத்தான். துணி துவைக்கும் மெஷினை இரவில் போடுவதற்குப் பதில் நண்பகலில் போட்டால் பலன் கூடும்.

பின்னோக்கிச் சுழன்ற தட்டு

ஜெர்மனியின் பழைய வீடுகளில் இன்னும் இருப்பவை, இத்தாலிய இயற்பியலாளர் கலிலேயோ ஃபெராரிஸின் பெயரால் வழங்கும் தட்டு மீட்டர்கள். அவற்றில் ஓர் அலுமினியத் தட்டு இரண்டு மின்காந்தங்களுக்கு நடுவில் சுழலும். ஒரு காந்தம் மின்னழுத்தத்தால் இயங்குவது, மற்றது மின்னோட்டத்தால் இயங்குவது. இரண்டும் சேர்ந்து தட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டி அதை முன்னே தள்ளும். மின்சாரம் எதிர்த் திசையில் பாய்ந்தால் தள்ளும் திசையும் தலைகீழாகும். தட்டு பின்னோக்கிச் சுழலும், எண்களும் குறையும்.

வீட்டுக்காரருக்கு இது இனிப்பான செய்தி. வெளியே போன ஒவ்வொரு யூனிட்டும் வாங்கிய விலைக்கே விற்றதாகக் கணக்காகிறது. மின் நிறுவனத்துக்கு இது நட்டம். அதனால் முன்பு மீட்டரை மாற்றிய பிறகே கருவியைச் செருகலாம் என்று விதி இருந்தது. மீட்டர் மாற்ற ஆள் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் வந்த சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. புது மீட்டர் வரும்வரை தட்டு பின்னோக்கிச் சுழல்வதைச் சகித்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. இப்போது பொருத்தப்படும் மின்னணு மீட்டர்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணுகின்றன. பெரும்பாலான பால்கனிக்காரர்கள் வெளியே போகும் மின்சாரத்துக்குப் பணம் கேட்பதில்லை. அதற்கான காகித வேலை, கிடைக்கும் சில்லறையைவிடப் பெரிது.

பிளக்கின் ஊசிகளும் சுவருக்குள் இருக்கும் கம்பியும்

சாக்கெட்டில் மின்சாரம் கொடுக்கும் பிளக் என்றதும் எழும் முதல் பயம், அதைப் பிடுங்கும்போது வெளியே தெரியும் ஊசிகளைப் பற்றியது. பலகையில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, ஊசிகளைத் தொட்டால் 230 வோல்ட் தாக்காதா? தாக்கக்கூடாது என்பதற்காகவே ஜெர்மன் மின்தொழில்நுட்பச் சங்கமான வி.டி.இ.யின் விதி இன்வெர்ட்டருக்குள் ஒரு காவலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மின்வலையின் அழுத்தமோ அலைவெண்ணோ வரம்பை மீறினால் 0.2 நொடிக்குள் இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ள வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் கணத்தில் மின்வலையின் அலை மறைவதால் இன்வெர்ட்டரும் அடங்கிவிடும். தெருவில் மின்தடை வந்து, ஊழியர் ஒருவர் கம்பியைப் பழுதுபார்க்கும்போது வீடுகளிலிருந்து மின்சாரம் திரும்பி வந்து அவரைத் தாக்காமல் காப்பதும் இதே காவல்தான்.

இந்தக் காவல் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதை 2023ஆம் ஆண்டு காட்டியது. ஜெர்மனியில் பரவலாக விற்பனையான சில இன்வெர்ட்டர்களைத் திறந்து பார்த்தபோது, மின்வலையிலிருந்து இயந்திர முறையில் துண்டிக்க வேண்டிய ரிலே உள்ளே இல்லை என்று தெரிந்தது. மென்பொருள் வழியாக அவை அடங்கினாலும் விதி கேட்டது உண்மையான துண்டிப்பை. விற்ற கருவிகளுக்கு வெளியே பொருத்த ஒரு ரிலேப் பெட்டியைத் தனியாகக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வீட்டு மின்பெட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். ஜெர்மனியில் சாக்கெட் சுற்றுகளுக்கு வழக்கமாக 16 ஆம்பியர். அந்தச் சுற்றிலுள்ள கம்பி மிகையாகச் சூடேறாமல் காப்பது அதன் வேலை. ஆனால் பிரேக்கருக்குத் தெரிவது தன் வழியாக வரும் மின்னோட்டம் மட்டுமே. அதே சுற்றில் பால்கனிக் கருவி, சட்டம் அனுமதிக்கும் உச்சமான 800 வாட் கொடுத்தால், 230ஆல் வகுக்க சுமார் 3.5 ஆம்பியர் பிரேக்கருக்குத் தெரியாமல் பக்கவழியாக நுழைகிறது. சுற்றின் கடைசியில் ஹீட்டரும் கெட்டிலும் சேர்ந்து 19.5 ஆம்பியர் இழுத்தாலும் பிரேக்கர் 16 மட்டுமே பார்க்கும், விழாது.

சாக்கெட் சுற்றுகளில் வழக்கமாக உள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சுவரோடு ஒட்டிப் பதித்த நிலையில், தொடர்ந்து 19.5 ஆம்பியர் வரை தாங்கும் என்று சர்வதேச மின் தர அட்டவணை சொல்கிறது. கூட்டல் கணக்கு சரியாக அந்த விளிம்பில் வந்து நிற்கிறது. 800 வாட் என்ற வரம்பு ஆபத்தில்லாமல் இருப்பதற்கும், இரண்டு கருவிகளை ஒரே சுற்றில் செருகுவது தவறு என்பதற்கும் இதுவே காரணம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது என்ற அறிவுரையும் இதே கணக்கிலிருந்து பிறந்தது. மெல்லிய வயர், தளர்ந்த தொடர்பு, பக்கத்தில் ஓர் அயர்ன் பாக்ஸ் என்று சேர்ந்தால் சூடு முதலில் தேடிப் போகும் இடம் அதுதான். பழைய அலுமினிய வயரிங் உள்ள வீட்டில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பரிசோதித்த பிறகே செருக வேண்டும்.

கெரில்லா சோலாரிலிருந்து சட்டத்துக்கு

தொடக்கத்தில் ஜெர்மன் மின் விதிகள் சாக்கெட் சுற்றில் மின் உற்பத்திக் கருவியை அனுமதிக்கவில்லை. ஆனாலும் சிலர் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். ‘கெரில்லா சோலார்’ என்ற பட்டப்பெயர் அப்போது வந்தது. ஜெர்மன் சூரிய ஆற்றல் சங்கம் இதற்கு ஒழுங்கான விதி வேண்டும் என்று தொடர்ந்து வாதாடியது. 2018 மே மாதம் வந்த ஒரு முன்தர விதி கதவைத் திறந்தது. இன்வெர்ட்டரின் வெளியீடு 600 வாட் வரை எளிய முறையில் பதிவுசெய்யலாம் என்ற நிலை அடுத்து வந்தது. ஆனால் சாதாரண பிளக்குக்குப் பதில் ஊசிகள் மறைந்த தனி வகைப் பிளக்கும் சாக்கெட்டும் வேண்டும் என்று பல மின் நிறுவனங்கள் வற்புறுத்தின. அதைப் பொருத்த எலக்ட்ரீஷியன் வர வேண்டும். கருவிக்கான மொத்தச் செலவில் கணிசமான பங்கு அவர் கூலிக்கே போனது.

2022இல் உக்ரைன் போரும் எரிவாயுத் தட்டுப்பாடும் மின்கட்டணத்தை ஏற்றியபோது பால்கனிகளின் மேல் மக்களின் பார்வை திரும்பியது. 2023 ஜனவரி 1 முதல் வீட்டுச் சூரியக் கருவிகளுக்கு விற்பனை வரி பூஜ்யமானது. பெர்லின் நகரம் ஒரு வீட்டுக்கு 500 யூரோ வரை மானியம் கொடுத்தது. 2024 மே 16 அன்று நடைமுறைக்கு வந்த ‘சோலார்பக்கேட்’ என்ற சட்டத் தொகுப்பு இன்வெர்ட்டர் வரம்பை 600இலிருந்து 800 வாட் ஆக உயர்த்தியது; பலகைகளின் மொத்தத் திறன் 2000 வாட் வரை இருக்கலாம் என்றது; மின் நிறுவனத்திடம் தனியாக அறிவிக்கும் கடமையை நீக்கியது. மத்தியப் பதிவேட்டில் இணையத்தில் ஒரு மாதத்துக்குள் பதிந்தால் போதும்.

வீட்டு உரிமையாளர் மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2024 அக்டோபர் 17 முதல் விடை கிடைத்தது. பால்கனி சூரியக் கருவி மாட்ட அனுமதி கேட்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு; உரிமையாளர் தகுந்த காரணமில்லாமல் மறுக்க முடியாது. அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களுக்கும் இதே விதி. 2025 டிசம்பரில் வந்த தயாரிப்புத் தர விதி, பலகைகளின் திறன் 960 வாட்டுக்குள் இருந்தால் சாதாரண பிளக்கே போதும் என்று நீண்ட வாதத்தை முடித்துவைத்தது.

800 என்ற எண்ணின் வேர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு விதியில் இருக்கிறது. மின்வலையில் இணையும் உற்பத்தி நிலையங்களை வகைப்படுத்தும் அந்த விதியின் முதல் படியே 800 வாட்டில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பது மின்வலையின் கண்ணுக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. பல நாடுகள் அந்த இடைவெளியைப் பயன்படுத்தின. ஆஸ்திரியா 800 வாட், சுவிட்சர்லாந்து 600 வாட் வரை அனுமதித்தன. தடை விதித்திருந்த பெல்ஜியம் 2025 ஏப்ரலில் தடையை நீக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 1200 வாட் வரையிலான பிளக் கருவிகளுக்கு மின் நிறுவன ஒப்பந்தம் தேவையில்லை என்று சட்டம் இயற்றியது.

கோணமும் அட்சரேகையும்

ஜெர்மனியில் தெற்கு நோக்கிச் சாய்ந்த கூரையில் ஒரு கிலோவாட் பலகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 யூனிட் தரும். அதே பலகையைத் தெற்குப் பார்த்த பால்கனியில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதில் எழுபது சதவீதம் கிடைக்கும். கூரைக்கு முன் இது குறைவுதான் என்றாலும், செங்குத்தாக நிற்பதற்கு இது வியப்பான அளவு. காரணம் அட்சரேகை. பெர்லின் 52.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அந்தத் தாழ்ந்த வெயில் சுவரை நேருக்கு நேர் வந்து அடிக்கும். ஜூன் மாதத்திலும் உச்சம் 61 டிகிரிதான். கூரைப் பலகையில் பனி படிந்து மூடியிருக்கும் நாட்களில் செங்குத்துப் பலகை சுத்தமாக நிற்கும்.

சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே, பத்து டிகிரி வடக்கே சாய்ந்து நிற்கும். அன்று தெற்குப் பார்த்த பால்கனியில் தொங்கும் பலகையில் நேரடி வெயில் விழுவதே இல்லை. வானத்தின் சிதறிய ஒளி மட்டுமே கிடைக்கும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த பால்கனி அங்கே பொருத்தமானது; பலகையின் கீழ்விளிம்பை வெளியே தள்ளிச் சாய்த்தால் இன்னும் நல்லது. வெயில் மிகுந்த ஊர் என்பதும் சுவரில் வெயில் மிகுந்த ஊர் என்பதும் ஒன்றல்ல.

இந்தியாவில் வேறு சில வேறுபாடுகளும் உண்டு. சூரிய மின்சாரத்தை மின்வாரியக் கம்பியோடு இணைக்க விநியோக நிறுவனத்தின் அனுமதியும் இருவழி மீட்டரும் தேவை. வீடுகளில் உள்ள மின்னணு மீட்டர்கள் பலவும் திசை பார்க்காமல் எண்ணும்படி அமைக்கப்பட்டவை. வெளியே போன மின்சாரத்தையும் செலவாகவே கூட்டிவிடும். மின்தடை நேரத்துக்கு இந்தக் கருவி உதவாது. மின்வலை அடங்கினால் தானும் அடங்குவதே அதன் இயல்பு. பேட்டரி இன்வெர்ட்டரோ டீசல் ஜெனரேட்டரோ மின்சாரம் கொடுக்கும் சுற்றில் இதைச் செருகினால், அந்தச் செயற்கை அலையை மின்வலை என்று நம்பி இது மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும்; இரண்டும் பழுதாகலாம்.

காற்றும் கம்பியும்

பலகையின் எடையைவிடக் காற்றின் தள்ளுவிசை பெரிது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 460 நியூட்டன் விசையோடு மோதும். ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர் பலகையில் அது 90 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். புயலில் இது இன்னும் பல மடங்காகும், ஏனெனில் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. பிளாஸ்டிக் கட்டுக்கம்பியால் கட்டிய பலகை அதைத் தாங்காது. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளும் திருகுகளும் வேண்டும். கைப்பிடிச் சுவரே தளர்ந்திருந்தால் எந்தக் கொக்கியும் பயனில்லை. பாதசாரிகள் நடக்கும் தெருவுக்கு மேலே உயரத்தில் கண்ணாடிப் பலகை தொங்குவதற்கு ஜெர்மன் கட்டட விதிகள் கூடுதல் நிபந்தனை வைத்தன. எடை குறைந்த, கண்ணாடி இல்லாத பலகைகள் சந்தைக்கு வந்ததற்கு அது ஒரு காரணம்.

எத்தனை யூனிட், எத்தனை யூரோ

900 வாட் பலகைகளும் 800 வாட் இன்வெர்ட்டரும் கொண்ட ஒரு கருவியைத் தெற்குப் பால்கனியில் மாட்டியதாகக் கொண்டால், கொஞ்சம் நிழலையும் சேர்த்து ஆண்டுக்கு 600 யூனிட் எதிர்பார்க்கலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 400 யூனிட், வீட்டிலேயே செலவானால், யூனிட்டுக்கு 35 யூரோ சென்ட் என்ற கட்டணத்தில் ஆண்டுக்கு 140 யூரோ மிச்சமாகும். கருவியின் விலை 450 யூரோ என்றால் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பலகைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். வடக்குப் பார்த்த பால்கனியிலும் மரநிழலிலும் இந்தக் கணக்கு செல்லாது. பெர்லினிலுள்ள தொழில்நுட்ப, பொருளாதாரப் பல்கலைக்கழகம் ஊர், திசை, கோணம், மின்செலவு ஆகியவற்றைக் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும் இணையக் கருவி ஒன்றை வைத்திருக்கிறது.

பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்க இப்போது இரண்டு யூனிட் அளவுள்ள சிறிய லித்தியம் பேட்டரிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பகலில் ஆளில்லாத வீட்டில் அவை பயன்படும். ஆனால் சேமிக்கும் மிச்சமே ஆண்டுக்கு இருநூறு யூனிட் என்னும்போது, பேட்டரியின் விலை திரும்ப நெடுங்காலம் பிடிக்கும்.

நாட்டளவில் பார்த்தால் இந்தக் கருவிகளின் பங்கு சிறியது. பத்து லட்சம் பால்கனிகள், தலைக்கு 800 வாட் என்று வைத்தாலும் மொத்தம் 0.8 கிகாவாட். 2025இன் தொடக்கத்தில் ஜெர்மனியின் மொத்தச் சூரிய மின்திறன் சுமார் 100 கிகாவாட். அதோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒன்றுகூட இல்லை. மின்வலையின் கவலைக்கு எட்டாத அளவு சிறியதாக இருந்ததால்தான் அனுமதிப் படிவங்கள் குறைந்தன. சாதாரண பிளக்கே போதும் என்றாயிற்று. வாடகைதாரருக்கும் உரிமை வந்தது. வீடு மாறும்போது அவர் பிளக்கைப் பிடுங்கி, நாலு கொக்கிகளைக் கழற்றி, பலகைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போகலாம். கூரையில் பதித்த எந்தச் சூரிய மின்நிலையத்துக்கும் அந்த வசதி கிடையாது.